அரிசியில் கறுப்பு பொறுக்கும் மிஷின் குப்பைக்கு ஆகாதா?

கேள்வி, மன்னார்குடியிலிருந்து ஒருவர். 8 ஜூன் 2025

ரைஸ் மில்லில் கலர் சார்ட்டர் ஓடுவதைப் பார்த்தேன். ஒரு கறுப்பு அரிசி விழுகிற வேகத்திலேயே கேமரா அதைப் பிடித்து, காற்றை ஊதித் தனியாகத் தள்ளிவிடுகிறது. அரிசியில் இவ்வளவு செய்யத் தெரிந்த நமக்கு, ஒரு பாட்டிலையும் ஒரு பால் கவரையும் பிரிக்க எதற்கு இத்தனை பெண்கள் ஷெட்டில் உட்கார்ந்து கையால் கிளற வேண்டும்? மில்லில் கழித்துப் போட்ட பழைய சார்ட்டரை வாங்கி மாற்றியமைத்தால் என்ன? ஏ.ஐ. எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது என்கிறார்கள், எங்கள் ஊர் குப்பைக் கிடங்குக்கு மட்டும் வழி தெரியவில்லை போலிருக்கிறது.

8 ஜூன், இரவு

கலர் சார்ட்டர் சர்வீஸ்தான் எனக்குச் சோறு போடுகிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று மில் மில்லாக அலைகிறவன், அதனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

நீங்கள் சொல்வதில் பாதி சரி. குப்பை பிரிக்கும் மிஷினும் கலர் சார்ட்டரும் ஒரே குடும்பம்தான். நார்வேயில் 1972இல் காலி பாட்டில் திரும்ப வாங்கும் மிஷினோடு ஆரம்பித்த டாம்ரா கம்பெனி இன்றைக்கு உணவுப்பொருள் பிரிக்கும் மிஷினும் விற்கிறது, குப்பை பிரிக்கும் மிஷினும் விற்கிறது. இரண்டிலும் நடப்பது ஒன்றே: பொருள் கேமரா முன்னால் தனித்தனியாகக் கடக்க வேண்டும், கடக்கும்போதே கம்ப்யூட்டர் முடிவெடுக்க வேண்டும், அது கீழே வந்து சேரும் கணத்தில் சரியான வால்வு திறந்து ஊத வேண்டும்.

மீதிப் பாதியில்தான் தகராறு. சார்ட்டருக்கு வரும் அரிசி என்ன நிலையில் வருகிறது என்று பாருங்கள். நெல்லைச் சலித்து, அவித்து, காயவைத்து, கல் நீக்கி, உமி நீக்கி, தவிடு தீட்டி, குருணை பிரித்து, எல்லாம் முடிந்து கடைசியில்தான் சார்ட்டர் நிற்கிறது. காய்ந்த, ஒரே அளவு அரிசியை ஒற்றை அடுக்காகச் சரிவில் விடுகிறோம். இத்தனைக்கும் அப்புறம் கண்ணாடியில் லேசாகத் தவிடு படிந்து வைப்பர் சரியாகத் துடைக்காமல் விட்டால், நல்ல அரிசியெல்லாம் ரிஜெக்டில் போய், மில் முதலாளி ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் போடுவார்.

குப்பை எப்படி வருகிறது? கேரி பேக்கில் முடிச்சுப் போட்டு வருகிறது. உள்ளே நேற்றைய சாம்பார், அதில் ஊறிய பால் கவர், ஒரு பேட்டரி செல், தலைமுடி. மேலே இருக்கும் கேமராவுக்குத் தெரிவது முடிச்சு மட்டும்தான்.

9 ஜூன்

பழைய சார்ட்டரை மாற்றுவது பற்றி இன்னொன்று. அந்த வால்வு ஒரு அரிசியைத் தள்ளும் அளவுக்கே ஊதும். ஒரு லிட்டர் பாட்டிலில் அரை வாசி தண்ணீர் மிச்சம் இருந்தால் அது அசையக்கூடச் செய்யாது. வெளிநாட்டுப் பெரிய ஆலைகளில் பெல்ட் நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, ஊதுவதற்கென்றே பெரிய கம்ப்ரசர், காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கத் தனி டிரையர். அந்தக் கரண்ட் பில்லைக் கட்ட ஒரு நாளைக்கு எவ்வளவு குப்பை வர வேண்டும் என்று யோசியுங்கள். நம் பேரூராட்சியில் வருகிற மக்காத குப்பை முழுவதையும் அந்த மிஷின் டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டு மிச்ச நாளெல்லாம் சும்மா நிற்கும்.

அப்புறம் சென்சிடிவிட்டி. மில்காரர்களுக்கு இது தெரியும்: ஏற்றினால் கறுப்பு முழுக்கப் போகும், கூடவே கைநிறைய நல்ல அரிசியும் போகும், இறக்கினால் நல்லது தங்கும், கறுப்பும் தங்கும். ரெண்டும் சேர்ந்து சரியாக வருகிற செட்டிங் கிடையாது. குப்பையிலும் அதே கதைதான். "எங்கள் ஏ.ஐ. மாடல் 95 சதவீதம் சரியாகச் சொல்கிறது" என்று யாராவது சொன்னால், மிச்ச ஐந்து எந்தப் பக்கம் விழுகிறது என்று கேளுங்கள். பாட்டில் குப்பையில் விழுந்தால் கொஞ்சம் காசு நஷ்டம். குப்பை பாட்டில் மூட்டையில் விழுந்தால் மூட்டைக்கே விலை போச்சு.

15 ஜூன்

"கேமராவுக்குத் தெரியாதது சென்சாருக்குத் தெரியும் இல்லையா" என்று கேட்டிருந்தார்கள். தெரியும், ஒரு எல்லை வரைக்கும்.

சாதாரணக் கேமரா நிறத்தையும் உருவத்தையும் பார்க்கிறது. வெள்ளை டப்பா எந்த பிளாஸ்டிக் என்று அதற்குத் தெரியாது. அதற்குத்தான் அகச்சிவப்பு. ஹாலஜன் விளக்கைப் போட்டு, நம் கண்ணுக்குத் தெரியாத 900 முதல் 1,700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி எப்படித் திரும்பி வருகிறது என்று பார்த்தால், பெட் (தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்) ஒரு மாதிரி விழுங்கும், பாலிஎதிலீன் (பால் கவர்) ஒரு மாதிரி விழுங்கும், பி.வி.சி. இன்னொரு மாதிரி. கைரேகை பார்த்து ஆளைச் சொல்வதுபோலத்தான். ஆனால் அந்தக் கேமராவின் சில்லு சாதாரண சிலிக்கான் இல்லை, விலை எங்கேயோ போகும்.

நம் ஊரில் அதற்கு ரெண்டு பகைவர்கள். ஒன்று தண்ணீர். ஈரம் 1,450 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியை நன்றாக விழுங்கிவிடும், மேலே தண்ணீர் படலம் இருந்தால் ரேகை கலங்கிப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் ஈரமில்லாத பொருள் எது? இன்னொன்று கறுப்பு. கறுப்பு பிளாஸ்டிக்கில் கார்பன் கரி கலந்திருக்கிறது, அது ஒளி முழுவதையும் விழுங்கி எதையும் திருப்பி அனுப்பாது. பெல்ட்டும் கறுப்பு, பொருளும் கறுப்பு, மிஷினைப் பொறுத்தவரை அங்கே ஒன்றுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் தருகிற கவர் என்ன நிறம் என்று நினைத்துப் பாருங்கள். நர்சரியில் கன்று வரும் பை? சொட்டுநீர்க் குழாய்?

24 ஜூன்

கொஞ்சம் வழி மாறுகிறேன். 12ஆம் தேதி மேட்டூர் திறந்து, கல்லணையும் திறந்து, தண்ணீர் எங்கள் பக்கம் வந்துவிட்டது. புதுத்தண்ணீர் வருவதைப் பார்க்க மதகடியில் கூட்டம். முன்னால் நுரை, அதற்கும் முன்னால் குப்பை. ஆறு வறண்டு கிடந்த மாதங்களில் யார் யார் எங்கே கொட்டினார்களோ அத்தனையும் ஊர்வலமாக வருகிறது: தெர்மாகோல், செருப்பு, ஒற்றைச் செருப்புதான் எப்போதும், மாத்திரை அட்டை, பெட் பாட்டில்.

ஓஷன் கிளீனப் என்ற அமைப்பு உலகத்தில் பல ஆறுகளின் பாலங்களில் கேமரா வைத்து மிதக்கும் பிளாஸ்டிக்கை எண்ணுகிறது. அரசலாற்றிலோ வெண்ணாற்றிலோ ஒரு ஷட்டரில் அப்படி ஒன்று வைத்தால் எந்த ஊரைத் தாண்டியதும் குப்பை கூடுகிறது என்று கையும் களவுமாகப் பிடிக்கலாமே என்று தோன்றியது. நம் ஆற்றில் அதற்குத் தொல்லை ஆகாயத்தாமரை. பாட்டில் அதன் வேருக்குள் சிக்கி வரும், மேலே பச்சையும் ஊதா பூவும் மட்டும்தான் தெரியும். எண்ணிக்கை பாதிகூட வராது. ஆனாலும் இரண்டு பாலங்களுக்கு இடையே ஒப்பிட்டுப் பார்க்கப் போதும் என்று நினைக்கிறேன், ரெண்டு இடத்திலும் ஒரே அளவு தாமரை வந்தால். வராது.

சரி, விடுங்கள்.

6 ஜூலை

தொட்டி சென்சார் பற்றிக் கேட்ட இன்ஜினியரிங் மாணவருக்கு.

தொட்டி மூடியில் அல்ட்ராசானிக் சென்சார், உள்ளே எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று மெசேஜ் அனுப்பும், வண்டி அதற்கேற்ற மாதிரி வரும். எல்லா காலேஜ் கண்காட்சியிலும் இந்த ப்ராஜெக்ட் ஒன்று கட்டாயம் இருக்கும். ஹெச்.சி. எஸ்.ஆர்.04 சென்சார் இரண்டு சென்டிமீட்டரிலிருந்து நான்கு மீட்டர் வரை அளக்கும், மலிவு, நல்ல சரக்கு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் தம்பி, உங்கள் தெருவில் தொட்டி இருக்கிறதா? பேட்டரி வண்டி வீடு வீடாக வர ஆரம்பித்ததும் முதலில் எடுத்ததே தெருத்தொட்டியைத்தான். தொட்டி இல்லாத ஊருக்குத் தொட்டி சென்சார்.

கல்யாண மண்டபத்தில் வைத்துப் பாருங்கள், அங்கே வேலை இருக்கிறது. முகூர்த்த நாளில் பந்தி முடிந்த இலை எத்தனை மணிக்கு எவ்வளவு சேரும் என்று முன்கூட்டித் தெரிந்தால் அன்றைக்கே உரக்கிடங்குக்குப் போகும், மறுநாள் வரை கிடந்து நாறாது. அதிலும் சென்சாரை இலை மேல் குறி வைக்காதீர்கள். வாழையிலை சரிந்து கிடக்கும், ஒலியைப் பக்கவாட்டில் திருப்பி அடித்து விடும், ரீடிங் குதிக்கும். தொட்டிக்கு அடியில் லோடு செல் வைத்து எடை பாருங்கள், எடை குதிக்காது.

20 ஜூலை

இப்போது அனுபவம். ஒரு காலேஜ் பிள்ளைகள் எங்கள் பக்கத்து ஊர் வளம் மீட்பு மையத்தில், அதாவது குப்பை பிரிக்கும் ஷெட்டில் (ஊர் பெயர் வேண்டாம்), பெல்ட் மேல் கேமரா மாட்டி பாட்டில், கவர், அட்டை, கண்ணாடி என்று அடையாளம் காணப் பார்த்தார்கள். விளக்கும் பெல்ட் வேகமும் சரிபண்ணத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாளே படத்தில் வரிவரியாகக் கோடு. பிள்ளைகள் கோடிங்கைத் துருவிக்கொண்டிருந்தார்கள். பழைய சோக் வைத்த டியூப் லைட். நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று, விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும், கேமரா அதைப் பிடித்துக் கோடாகக் காட்டும். டி.சி.யில் எரிகிற எல்.இ.டி. பட்டை போட்டதும் போய்விட்டது. சார்ட்டர் வேலையில் இது முதல் பாடம்.

அடுத்தது பெல்ட் நின்றுவிட்டது. பழைய சேலை ஒன்று ரோலரில் சுற்றிக்கொண்டு, அதன் மேல் மாலை நார், அதன் மேல் கேசட் டேப் (இன்னும் எந்த வீட்டிலிருந்து வருகிறதோ), எல்லாம் சேர்ந்து கயிறாக முறுக்கி இறுகியிருந்தது. கத்தியால் அறுத்து எடுக்க மத்தியானம் ஆனது. அன்றைக்கு ஏ.ஐ. ஒன்றும் பார்க்கவில்லை, எல்லாரும் சேர்ந்து சேலை அறுத்தோம்.

ஓட ஆரம்பித்ததும் மாடல் செய்த வேலை: பாக்கு மட்டைத் தட்டை அட்டை என்றது. இளநீர்க் கூட்டைத் திரும்பத் திரும்ப "இதரக் குப்பை" என்று விட்டது, அதுவாவது பரவாயில்லை. சாமந்தி மாலை மூட்டையை ஒரு தடவை மஞ்சள் பிளாஸ்டிக் கவர் என்று அடித்துச் சொன்னது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ட்ராஷ்நெட் என்று 2016இல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் இருவர் வெளியிட்ட படத்தொகுப்பில் 2,527 படம், ஆறு வகை, எல்லாம் வெள்ளைப் பலகை மேல் ஒவ்வொரு பொருளாக வைத்து எடுத்தது. 2020இல் வந்த டாக்கோ தொகுப்பு இன்னும் மேல், தெருவிலும் கடற்கரையிலும் கிடப்பதை அப்படியே எடுத்து 1,500 படம், 60 வகை. அதிலும் நம் பந்தி இலையும் பாக்கு மட்டையும் எங்கே இருக்கப்போகிறது? நம் குப்பையை நாம்தான் படமெடுத்துக் கோடு போட்டுப் பெயர் எழுத வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

4 ஆகஸ்ட்

நேற்று ஆடிப்பெருக்கு. இன்றைக்கு ஷெட்டுக்கு வந்த மாலைகளைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். முன்பு வாழை நாரில் கட்டினார்கள், அப்படியே உரக்குழியில் போட்டால் நாரும் சேர்ந்து மக்கும். இப்போது நைலான் நூல், நடுவில் ஜிகினா, சில மாலையில் பாதி பூவே பிளாஸ்டிக். மக்கும் குப்பையா மக்காத குப்பையா? ரெண்டும்தான், ஒரே முடிச்சில். இதை எந்தக் கேமராவும் பிரிக்காது, பிரிக்கவும் தேவையில்லை. பூக்கடைக்காரர் கையில் என்ன நூல் இருக்கிறது என்பதில் இருக்கிறது விஷயம். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

17 ஆகஸ்ட்

அந்த வளம் மீட்பு மையத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் பாட்டில் பிரிப்பதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். எடுத்த உடனே மூடியைத் திருகி விசிறுகிறார், மிச்சத் தண்ணீரைச் சாய்க்கிறார், ஒரு பிழி, சத்தம் கேட்கிறது, மூட்டைக்குள் போகிறது. கண் அடுத்த பாட்டிலுக்குப் போய்விட்டது. நடுவில் ஒன்றை மட்டும் நிறுத்தி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், விரலால் தடவினார், வேறு சாக்கில் போட்டார். என்னக்கா என்றேன்.

"பெட்டுன்னா அடியில நடுவுல ஒரு புள்ளி இருக்கும் தம்பி. இதுல கோடு ஓடுது. வளைச்சா வெள்ளையா மடிப்பு விழும் பாரு. இது சேந்துச்சுன்னா கடைக்காரர் மூட்டையவே திருப்பிடுவாரு."

பி.வி.சி.தான் அது. பெட் பாட்டிலை அச்சில் ஒரு துளை வழியாக வார்த்து ஊதுவதால் அடியில் புள்ளி நிற்கிறது, பி.வி.சி.யைக் குழாயாகத் தள்ளி அச்சை மூடி ஊதுவதால் கோடு. தண்ணீரில் போட்டுப் பிரிக்கலாமா என்றால் ரெண்டுமே ஏறக்குறைய ஒரே அடர்த்தி, ரெண்டும் மூழ்கும். மூடி மட்டும் மிதக்கும், அது பாலிஎதிலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். பெட்டை உருக்க 250 டிகிரிக்கு மேல் போக வேண்டும், அந்தச் சூட்டில் கலந்து கிடக்கும் பி.வி.சி. கருகி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு முழுச் சரக்கையும் பழுப்பாக்கிவிடும். அதனால்தான் கடைக்காரருக்கு அத்தனை பயம்.

பிள்ளைகளிடம் சொன்னேன்: உங்கள் கேமராவைப் பாட்டிலின் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி வையுங்கள், புள்ளியா கோடா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அறுபது வகை வேண்டாம், இந்த ஒன்று போதும்.

18 ஆகஸ்ட்

"பி.வி.சி. பாட்டில் இப்போது எங்கே வருகிறது" என்று கேட்டவருக்கு: பாட்டில் குறைந்துவிட்டது, உண்மை. ஆனால் ஃபிளெக்ஸ் பேனர்? காதுகுத்து, பூப்பு நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் பி.வி.சி. பூசிய துணி. கிழிந்ததும் நெல் குவியலுக்கு மூட, மாட்டுக்கொட்டகைக்குத் தடுப்பு, கடைசியில் குப்பை. விற்க முடியாத பிளாஸ்டிக்கை அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்கு எரிக்க அனுப்புகிறார்களே, அங்கேயும் குளோரின் கூடினால் சூளையில் படிமம் கட்டி அடைக்கும். ஃபிளெக்ஸைப் பிடிக்க சென்சார் தேவையே இல்லை. தலைவர் படம் இருந்தால் தனியாகப் போடு என்றால் போதும்.

7 செப்டம்பர்

யாரும் கேட்காத கேள்வி ஒன்று. மிஷின் பாட்டிலைப் பிரித்தால் பாட்டில் காசு யாருக்கு?

பல ஊர்களில் மக்காத குப்பை விற்ற பணம் தூய்மைப் பணியாளர்களுக்கு ஊக்கத்தொகையாகப் போகிறது. அவர்கள் பிரிக்கும் ஒவ்வொரு பெட் பாட்டிலிலும் சொந்தக் காசு இருக்கிறது. தனியார் ஒருவர் "மிஷின் இலவசமாக வைக்கிறேன், பிரித்த சரக்கு எனக்கு" என்று வந்தால் நல்ல சரக்கெல்லாம் மிஷின் பக்கம் போகும், டயப்பரும் சேலையும் அக்காக்கள் பக்கம் தங்கும். மிஷின் விற்க வருகிறவரின் வீடியோவில் பெல்ட் மேல் ஓடுவது எப்போதும் பளபளவென்று பாட்டில்தான், கவனித்தீர்களா?

பாட்டில் திரும்பி வர இன்னொரு வழியும் இருக்கிறது. டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம், 2022இல் நீலகிரியில் காட்டு விலங்குகள் காலில் கண்ணாடி குத்துகிறது என்று ஹைகோர்ட் சொல்லி ஆரம்பித்தது, அப்புறம் நம் திருவாரூர், நாகை வரைக்கும் வந்தது. கடை ஊழியர்களுக்கு அது பெரிய தலைவலி, வைக்க இடமில்லை, எண்ண ஆளில்லை, அவர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வயல் வரப்பில் நடவுக்கு இறங்குகிறவர்கள் காலைக் கேளுங்கள். ஜெர்மனியில் 2003லிருந்து பெட் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் 25 சென்ட் வைப்பு, கடையில் உள்ள மிஷின் பார்கோடு படித்துக் காசு தருகிறது. அந்த மிஷினுக்குள்ளும் கேமராதான். ஆனால் அதன் முன்னால் பாட்டில் காலியாக, தனியாக, முடிச்சில்லாமல் வந்து நிற்கிறது, ஏனென்றால் கொண்டுவந்தவருக்குக் காசு வேண்டும். அரிசி சார்ட்டருக்கு முன்னால் மில் செய்கிற வேலையை இங்கே அந்த 25 சென்ட் செய்கிறது.

28 செப்டம்பர்

மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ மிஷினே வேண்டாம் என்கிறீர்களா" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். மிஷினை நம்பிச் சாப்பிடுகிறவன் ஐயா நான்.

மிஷின் வேண்டிய இடம் எது என்று சொல்கிறேன். பேப்பரில் சுற்றின நாப்கின், டயப்பர், இன்சுலின் ஊசி. திடக்கழிவு விதி நாப்கினையும் டயப்பரையும் சுற்றித் தனியாகத் தரச் சொல்கிறது, ஊசியையும் தனியாகத் தரச் சொல்கிறது. நம் வீடுகளில் அது மக்கும் பக்கெட்டிலோ மக்காத பக்கெட்டிலோ கை போன பக்கம் விழுகிறது. ஷெட்டில் ஒரு மனுஷி அதைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கையுறை மழைக்காலத்தில் உள்ளே வேர்த்து வழுக்குகிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். இந்தக் குவியலை மனிதக் கை படாமல் நகர்த்த ஒரு பெல்ட்டும் ஒரு இடுக்கியும் வந்தால் நான் முதல் ஆளாகப் போய் இலவசமாக மாட்டித் தருவேன். யாரும் அதோடு வருவதில்லை, அதில் விற்கச் சரக்கு இல்லை.

26 அக்டோபர்

மழை. மில்லெல்லாம் மந்தம், நேரம் கிடைத்தது.

ஊர் முழுக்க ஒரே பேச்சு ஈரப்பதம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், குறுவை நனைந்து கிடக்கிறது, 22 வரை தளர்த்தச் சொல்லி மாநிலம் கேட்டிருக்கிறது. ரோட்டில் நெல்லைக் கொட்டிக் கிளறிக்கொண்டே எல்லாரும் அந்தச் சின்ன மீட்டரைத்தான் திட்டுகிறார்கள். தண்ணீர் மின்சாரத்துக்குக் காட்டும் குணமும் காய்ந்த தானியம் காட்டும் குணமும் வேறு, அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மீட்டர் சொல்கிறது. மூட்டையின் மேல்பக்கம் எடுத்தால் ஒன்று சொல்லும், அடியில் எடுத்தால் ஒன்று சொல்லும். ஆனால் பாருங்கள், திட்டினாலும் அந்த எண்ணை விவசாயியும் பார்க்கிறார், எடுக்கிறவரும் பார்க்கிறார். எதிர்த்துப் பேச ஒரு எண் இருக்கிறது. "இன்னொரு தடவை வை" என்று சொல்லலாம்.

குப்பை விற்கிற இடத்தில் அந்த எண் இல்லை. அக்காக்கள் நாளெல்லாம் பிரித்துப் பிரஸ்ஸில் அழுத்திக் கட்டி வைத்த பேலை (மூட்டையை) வாங்க வருகிறவர் ஒன்றை மட்டும் கிழித்துப் பார்ப்பார், உள்ளே ஒரு எண்ணெய் கவர் தெரியும், "கலப்பு" என்று மொத்த லாட்டுக்கும் விலையைக் குறைப்பார். அட்டையைத் தூக்கிப் பார்த்து "ஈரம்" என்று ஒரு கணக்குக் கழிப்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், அட்டையில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எதுவானாலும் அவர் கண்தான் மீட்டர்.

ஜூனிலிருந்து எழுதுவதில் இதுதான் எனக்கு இப்போது பெரிதாகப் படுகிறது. நம் ஊர் அளவுக்கு கேமராவும் சென்சாரும் முதலில் போக வேண்டிய இடம் பெல்ட்டின் ஆரம்பம் இல்லை, கடைசி. கை பிரித்துக் கொடுத்த பிறகு, பிரஸ்ஸுக்குள் போவதற்கு முன்னால். அங்கே பொருள் தனித்தனியாக இருக்கிறது, முடிச்சு அவிழ்ந்திருக்கிறது, பெட் மட்டும் வருகிறது. ஏறக்குறைய அரிசி மாதிரியே ஆகிவிட்டது. பெட் அல்லாதது ஒன்று கடந்தால் எண்ணு, படம் எடு, அவ்வளவுதான் வேலை. ஊத வேண்டாம், ரோபோ வேண்டாம். இந்த பேலில் இத்தனை கலப்பு என்று ஒரு சீட்டு. அட்டைக்கு முள் குத்திப் பார்க்கும் ஈர மீட்டர், மரக்கடையில் வைத்திருப்பார்களே அந்த மாதிரி. அப்புறம் ரெண்டு பக்கமும் எண் தெரிகிற தராசு.

பிள்ளைகள் கேமராவை அங்கே மாற்றினார்கள். பேலுக்கு ஒரு சீட்டு வருகிறது. வாங்க வருகிறவர் முதலில் சிரித்தார். அப்புறம் ஒரு நாள், கலப்புக் குறைவாகக் காட்டிய பேலை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். விலை பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.

27 அக்டோபர்

நேற்றையதற்கு ஒரு திருத்தம், யாரும் கேட்பதற்கு முன்னால். சீட்டு என்றால் அக்காக்களைக் கண்காணிக்கும் சீட்டாகவும் அதைத் திருப்பிக்கொள்ள முடியும். "உன் ஷிப்டில் கலப்பு அதிகம்" என்று மேஸ்திரி ஆரம்பித்தால் முடிந்தது கதை. அதனால் கேமரா பிரஸ் வாயை மட்டும் பார்க்கும்படி, ஆள் முகமோ கையோ விழாதபடி, தகரம் அடித்து மறைத்திருக்கிறோம். அக்காக்கள் கேட்டது ஒன்றே ஒன்று, எண் தெரிகிற பலகை தமிழில் பெரிதாக இருக்க வேண்டும், கண்ணாடி போடாமல் தெரிய வேண்டும். ஈர மீட்டர் மலிவு மாடல் வாங்கினால் மழை நாளில் சும்மா காற்றில் பிடித்தாலே ரீடிங் காட்டுகிறது, அதையும் பார்த்து வாங்குங்கள்.

9 நவம்பர்

சேலை ரோலரில் சுற்றுவதற்கு வழி கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள், ஏ.ஐ. பற்றி அதற்கப்புறம் ஒருவரும் கேட்கவில்லை. பெல்ட்டுக்கு முன்னால் சாய்வாக ஒரு கம்பி மேஜை போட்டு, துணி, மாலை, கயிறு, டேப், டியூப் எல்லாவற்றையும் அங்கேயே ஒருவர் இழுத்துப் போட வேண்டும். முழ நீளத்துக்கு மேல் எது இருந்தாலும் பெல்ட்டுக்குப் போகக்கூடாது. ரோலர் அச்சின் ரெண்டு பக்கமும் வெறுமையாகத் தெரியும் இடத்தை பி.வி.சி. குழாயை நீளவாக்கில் அறுத்து மாட்டி மூடுங்கள், சுற்ற ஆரம்பிப்பதே அந்த இடத்தில்தான். அறுக்கக் கத்தி வேண்டாம், பந்தல்காரர் வைத்திருக்கும் அரிவாள் நல்லது. மோட்டார் சுவிட்சைப் போட்டுவிடாதபடி ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும், ஃபியூஸையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.